மருத்துவம் மலையேற வேண்டும்

கோவிட் காலத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பெண்களுக்கான பேறுகாலப் பராமரிப்பு எந்தக் கண்ணியில் பலவீனமாக இருந்தது? அடுத்த தொற்றுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

மலேசியாவில் கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இறக்கும் தாய்மாரின் விகிதம் பல ஆண்டுகளாக 20க்கும் 30க்கும் இடையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2019இல் 21 தாய்மார், 2020இல் 25 தாய்மார். 2021இல் அந்த எண் 68 ஆனது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 300 தாய்மாரை நாடு இழந்தது. 1950களின் தொடக்கத்தில் 500க்கு மேல் இருந்த விகிதத்தை, கிராமம் கிராமமாகத் தாதியரை அனுப்பிக் குறைத்துக் காட்டிய நாடு இது. ஏழை நாடுகள் பாடம் படிக்க வேண்டிய இரண்டு நாடுகள் என்று மலேசியாவையும் இலங்கையையும் 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரே ஆண்டில் இத்தனை பெரிய சறுக்கல் நேர்ந்திருக்கிறது. கிருமிதான் காரணம் என்று சொல்லி இந்தக் கணக்கை மூடிவிட முடியாது. கிருமி எல்லாருக்கும் வந்தது. அதைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மற்ற மருத்துவத்துக்கு இல்லாத இரண்டு தன்மைகள் பேறுகால மருத்துவத்துக்கு உண்டு. முதலாவது, அதைத் தள்ளிப்போட முடியாது. கண்புரை அறுவையை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம், பிரசவத்தை மூன்று மணி நேரம்கூட ஒத்திவைக்க முடியாது. இரண்டாவது, அது முன்கூட்டியே தெரிந்தது. மாரடைப்பு யாருக்கு எப்போது வரும் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எந்தப் பெண்ணுக்கு எந்த வாரத்தில் பிள்ளை பிறக்கும் என்பது பல மாதங்களுக்கு முன்பே சுகாதார கிளினிக்கின் பதிவேட்டில் இருக்கிறது. தள்ளிப்போட முடியாததும் தேதி தெரிந்ததுமான ஒரு தேவையை, 'அவசரம் என்றால் வாருங்கள், வழிவிடுகிறோம்' என்ற அனுமதியை நம்பி விட்டுவைத்ததே தொற்றுக் காலத்தின் அடிப்படைப் பிழை. தூரத்தைக் கடக்கும் பொறுப்பு வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பு மருத்துவத்துறையுடையது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதைப் பார்க்கக் கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் அதிகம் இல்லை.

ஒரு மாநிலத்தில் வீடு, இன்னொன்றில் நிபுணர்

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் மாவட்டம். ரிங்லெட் பக்கம் போ தோட்டம், பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ், கம்போங் ராஜாவைத் தாண்டிப் புளூ வேலி எனத் தேயிலைத் தோட்டங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் உழைப்பு இந்தச் சரிவுகளில் ஊறியிருக்கிறது. இன்று அவர்களோடு இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் கொழுந்து வெட்டுகிறார்கள். மாவட்டத்துக்கென்று தானா ராத்தாவில் இருப்பது சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. சிறிய மாவட்ட மருத்துவமனை அது. இரத்தக் கொதிப்பு ஏறுகிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, முன்பே இரண்டு முறை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தாயிற்று என்றால் நிபுணர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். அப்படிப்பட்டவற்றில் கிட்டத்தில் இருப்பது ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அது பேராக் மாநிலம். சொந்த மாநிலத்தின் தலைநகரான குவாந்தானோ அதைப்போல மூன்று மடங்கு தூரத்துக்கு மேல்.

இந்த நிலவரைபடத்தின் மேல் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து விழுந்தது. வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்தான் போகலாம், பொருள் வாங்கக் குடும்பத்துக்கு ஒருவர்தான் வெளியே வரலாம், மாநில எல்லை தாண்டக் காவல்துறை அனுமதி வேண்டும். மீறினால் 1,000 ரிங்கிட் அபராதம். 2021 மார்ச்சில் அது 10,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கான தடை, இடையிடையே தளர்த்தப்பட்டும் மீண்டும் இறுக்கப்பட்டும், 2021 அக்டோபர் 11இல்தான் நீங்கியது. கோலாலம்பூரில் வாழும் கர்ப்பிணிக்கு 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிபுணர்கள் நிறைந்த மருத்துவமனைகள் பல உண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சுகாதார கிளினிக்கும் தேயிலை மலையும்தான். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அது பறித்துக்கொண்டது ஒன்றல்ல.

மூன்று தாமதங்கள்

தாய்மார் ஏன் சாகிறார்கள் என்பதை விளக்க, செரீன் தாடியஸ், டெபோரா மைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள். மருத்துவத்தை நாடலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றில் ஒன்று நீண்டாலும் ஆபத்து. தொற்றுக் காலம் மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டியது. மலைத் தோட்டத்தில் ஒவ்வொன்றும் எப்படி நீளக்கூடியது என்பதைப் பார்த்தால் வாதம் தெளிவாகும்.

முடிவெடுப்பதில் நேரும் தாமதத்துக்கு அச்சம் ஒரு காரணம். மருத்துவமனையில்தான் கிருமி இருக்கிறது என்ற பயம் அன்று உலகம் முழுவதும் இருந்தது. கூலி இன்னொரு காரணம். நாள் கணக்கிலும் எடைக் கணக்கிலும் சம்பளம் வாங்குகிறவருக்கு கிளினிக் போகும் நாள், பிரட்டில் (காலை ஆள்கணக்கில்) பெயர் விழாத நாள். விவசாயம் அத்தியாவசியத் துறையாக இருந்ததால் தோட்ட வேலை முற்றாக நிற்கவில்லை, எனவே இந்தக் கணக்கும் நிற்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் மூன்றாவது காரணம் இன்னும் கொடியது. கட்டாய மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் வேலை அனுமதியே போய்விடும் என்பது இந்த நாட்டின் விதி. அரசு மருத்துவமனையில் குடிமக்கள் அல்லாதோருக்கான கட்டணமோ பல மடங்கு. 2020 மே 1ஆம் தேதி தலைநகரில் ஆவணமற்ற குடியேறிகளைச் சுற்றிவளைத்துப் பிடித்த செய்தி நாடெங்கும் பரவியது. அதைக் கேட்ட பிறகு ஒரு பெண் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டு அரசுக் கட்டடத்துக்குள் நுழையத் துணிவாளா?

அடுத்தது வழித் தாமதம். கட்டுப்பாட்டுக் காலத்தில் சுற்றுலா வாகனங்கள் இல்லாமல் மலைச்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் வெறும் சாலை யாரையும் ஏற்றிக்கொண்டு போகாது. லயத்திலிருந்து பட்டணத்துக்கு வர வழக்கமாகக் கைகொடுப்பது தோட்டத்து வேன், பக்கத்து வீட்டுக் கார், கணவரின் மோட்டார் சைக்கிள். ஒரு வாகனத்தில் எத்தனை பேர், யாரோடு யார் போகலாம் என்ற விதிகள் அடிக்கடி மாறிய நாள்களில், இரவில் பனிக்குடம் உடைந்தால் யாரிடம் போய் நிற்பது? போதாக்குறைக்கு ஆண்டு முடிவின் அடைமழையில் இங்கே மண்சரிவு புதிதல்ல. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் ஒரு தாயைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். மலை இறங்கும் பயணமே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

மூன்றாவது, மருத்துவமனைக்குள் நேரும் தாமதம். மூக்கில் குச்சி விட்டுச் சோதனை, முடிவு வரும்வரை தனியறை, கவசம் அணிந்த பின்தான் தாதி அருகில் வருவது என்ற நடைமுறைகள் அவசியமானவைதான். அவை எடுத்துக்கொண்ட நேரமும் உண்மைதான். கணவரையோ தாயையோ பிரசவ அறைக்குள் விடாத நடைமுறை அரசு மருத்துவமனைகளில் பரவலாக இருந்தது. மலையிலிருந்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கு, வாசலில் காத்திருக்கும் உறவுகூட இல்லை. பிரசவத்தின்போது விரும்பிய ஒருவர் உடனிருப்பது பாதுகாப்பானது, தொற்றுக் காலத்திலும் அதை அனுமதிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்லிவந்தது. நியூயார்க்கில் 2020 மார்ச் இறுதியில் சில மருத்துவமனைகள் துணையைத் தடுத்தபோது, ஒருவரையாவது அனுமதித்தே ஆக வேண்டும் என்று மாநில ஆளுநர் சில நாள்களிலேயே ஆணையிட்டார். நோயாளிகள் குவிந்துகிடந்த அந்த நகரத்திலேயே முடிந்தது, மனம் வைத்தால் இங்கும் முடிந்திருக்கும்.

தொலைபேசியால் தொட முடியாதது

நேரில் வருவதைக் குறைத்துத் தொலைபேசியில் விசாரிக்கலாம் என்பது அன்று உலகெங்கும் சொல்லப்பட்ட தீர்வு. மலேசியப் பேறுகாலப் பராமரிப்பு எதில் நிற்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் அந்தத் தீர்வின் எல்லை தெரியும். பதிவு செய்த ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். அதில் ஒட்டப்படும் நிறத்தைப் பார்த்தே அவர் எங்கே கவனிக்கப்பட வேண்டும் என்று முடிவாகிறது. வெள்ளை என்றால் தாதியே பார்க்கலாம். பச்சை என்றால் மருத்துவ அதிகாரி. மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ஒவ்வொரு வருகையிலும் நிறம் மாறலாம். அதை மாற்றுவது கையால் செய்யப்படும் சின்னச் சின்ன வேலைகள்: வயிற்றின் மேல் நாடா வைத்துக் கருப்பையின் உயரம் அளப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பது, விரல் நுனியில் குத்தி இரத்தத்தின் அளவு பார்ப்பது, கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்ப்பது. இவற்றில் ஒன்றைக்கூடத் தொலைபேசி செய்யாது. 'தலைவலி இருக்கிறதா?' என்று கேட்கலாம். நாள் முழுதும் வெயிலிலும் தூறலிலும் நின்று கொழுந்து வெட்டி, மூட்டையை முதுகில் சுமந்து இறங்கிவந்த பெண் தலைவலியை ஒரு நோய்க்குறியாக நினைக்க மாட்டாள். அந்தத் தலைவலி பேறுகால வலிப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதைச் சொல்வது இரத்த அழுத்தக் கருவி.

மலேசிய இந்தியப் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. கர்ப்பத்தில் வரும் இனிப்பு நீரைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, சீனிக் கரைசலைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே குறுக்குக் கோடு போட்டு, கிளினிக்குக்கு வரும் ஆளைக் குறைத்த காலத்தில் முதலில் கழன்றுபோகக்கூடிய சோதனை இதுதான். கண்டுபிடிக்கப்படாத இனிப்பு நீர் அந்த வாரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. பிரசவ அறையில் பெரிய பிள்ளையாகவும் தோள் சிக்கலாகவும் வந்து நிற்கும்.

கர்ப்பம் அல்லாத பெண் நோய்கள் இன்னும் சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் அவசரமற்ற அறுவைகள் ஒத்திவைக்கப்பட்டன. கருப்பைக் கட்டியால் மாதாமாதம் மிகையாக உதிரம் போகும் பெண்ணின் அறுவை 'அவசரமற்றது' என்ற பட்டியலில் விழும். ஆனால் சோகை பிடித்த உடம்போடு அவர் தினமும் சரிவில் ஏறி இறங்க வேண்டும். 2010இல் தொடங்கி 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடப்பட்டுவந்த கருப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசி, பள்ளிகள் மூடப்பட்டதால் தடைப்பட்டது. அந்தப் புற்றுநோயையே ஒழிப்போம் என்று 2020 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அறைகூவல் விடுத்ததும் இதே காலத்தில்தான்.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை பல. அவற்றில் வலுவானது இது: 2021இல் தாய்மாரைக் கொன்றது பெரும்பாலும் கோவிட் நோயே, தூரமோ தாமதமோ அல்ல. இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. டெல்டா திரிபு கர்ப்பிணிகளின் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கியது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் உறுதிப்படுத்துகிறது. 2022இல், தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட பின், விகிதம் மறுபடி 30க்குக் கீழே இறங்கியது. நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 2021 பிப்ரவரியில். கர்ப்பிணிகள் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கான பரிந்துரை ஆண்டின் நடுப்பகுதியில்தான், அதுவும் 14 முதல் 33 வாரக் கர்ப்பத்துக்கு என்று வந்தது. அந்த இடைவெளியில்தான் தொற்று உச்சத்தை நோக்கி ஏறியது. அடுத்த மாதங்களில் யாருக்குப் பிரசவம் என்ற பட்டியல் கிளினிக்குகளில் இருந்தும், அது முன்னுரிமைப் பட்டியலாகவில்லை. கிருமி கொன்றது என்றால், கிருமியிலிருந்து காப்பது பேறுகாலப் பராமரிப்பின் பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த எதிர்வாதம்: மருத்துவத்துக்குப் போவதை ஆணை ஒருபோதும் தடுக்கவில்லையே? உண்மைதான். மருத்துவத் தேவைக்கு விதிவிலக்கு எழுத்திலேயே இருந்தது. ஆனால் அனுமதி வேறு, ஏற்பாடு வேறு. அனுமதியைப் பயன்படுத்த வாகனம் வேண்டும், பணம் வேண்டும், சாலைத் தடுப்பில் நின்று விளக்கிச் சொல்லும் துணிவு வேண்டும். நேப்பாளத்தில் 2020 கட்டுப்பாட்டின்போது ஒன்பது மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வில், அங்கே நடந்த பிரசவங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. செத்துப் பிறந்த பிள்ளைகளின் விகிதம் ஆயிரத்துக்கு 14இலிருந்து 21 ஆனது. மருத்துவமனைக் கதவுகள் அங்கும் திறந்தேதான் இருந்தன. அதற்கு முன்பே சியரா லியோனில், 2014, 2015 ஆண்டுகளின் எபோலாக் காலத்தில், பேறுகாலச் சேவையைப் பயன்படுத்துவது குறைந்ததால் குறைந்தபட்சம் 3,600 தாய், சிசு இறப்புகளும் செத்துப் பிறப்புகளும் கூடுதலாக நேர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த நாட்டில் எபோலாவே கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு அது ஏறக்குறையச் சமம். கோவிட் வருவதற்கு முன்பே உலகம் அறிந்திருந்த பாடம் இது.

தோட்ட நிர்வாகங்கள் பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வியும் எழும். வீடு, மருத்துவ வசதி, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கும் 446ஆம் சட்டம் 1990இலிருந்து இருக்கிறது. பொறுப்பான நிர்வாகங்களும் உண்டு. ஆனால் வேலை கொடுக்கும் கையும் மருந்து கொடுக்கும் கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், கர்ப்பத்தை மறைக்கக் காரணம் உள்ள பெண் வாய் திறக்க மாட்டாள். சிறிய தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களுக்கு அந்த ஏற்பாடும் எட்டுவதில்லை. வண்டி தருவது நிர்வாகத்தின் கடமையாகவே இருக்கட்டும். பராமரிப்புக்குப் பொறுப்பு அரசுடையதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு மலையில் சில ஆயிரம் பெண்களுக்காக இவ்வளவு செலவா என்ற கணக்கு. ஐம்பதுகளில் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் ஒரு கிராமத்துக்கும் கிளினிக் வந்திருக்காது. ஆள் குறைந்த இடத்துக்கும் பயிற்சி பெற்ற தாதி போனதால்தான் இந்த நாட்டின் தாய் இறப்பு குறைந்தது. தவிரவும், மலையில் இருப்பவர்கள் தோட்டப் பெண்கள் மட்டுமல்லர். செமாய், தெமியார் ஆகிய ஓராங் அஸ்லி பழங்குடித் தாய்மாருக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் இதே சாலைதான், இதே தூரம்தான்.

செய்ய வேண்டியவை

தேவை முன்கூட்டியே தெரியும் என்பதால் தீர்வையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியையும் குறித்த வாரத்தில் தேடிப்போகும் நடமாடும் கிளினிக் தோட்டந்தோட்டமாகச் சுற்ற வேண்டும். அதில் இரத்த அழுத்தக் கருவியும் இனிப்பு நீர்ச் சோதனையும் தடுப்பூசியும் இருக்க வேண்டும். எந்தக் கட்டுப்பாட்டு ஆணை வந்தாலும் அந்த வண்டி நிற்கக் கூடாது. மஞ்சள் நிறம் பெற்ற தாய்மார் கடைசி வாரங்களில் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கிப் பிரசவத்துக்குக் காத்திருக்க இடம் வேண்டும். கியூபா 1962இலிருந்து இத்தகைய தாய்மார் இல்லங்களை நடத்துகிறது. இங்கேயும் தூரத்துக் குடியிருப்புகளின் ஓராங் அஸ்லி தாய்மாருக்குச் சுகாதார அமைச்சே தங்குமிடங்களை ஏற்பாடு செய்திருக்கிறது. அதைத் தோட்டப் பெண்களுக்கும் நீட்டிக்கப் புதிய சிந்தனை தேவையில்லை, ஆணை ஒன்று போதும். பகாங்கும் பேராக்கும் கேமரன் மலைக் கர்ப்பிணிகளுக்கென்று நிரந்தர உடன்பாடு செய்துகொண்டால், அடுத்த முறை எல்லை மூடினாலும் யாரும் கடிதம் தேடி அலைய வேண்டியதில்லை. பிரசவ அறையில் ஒரு துணை என்பது சலுகையாக இல்லாமல் உரிமையாக எழுதப்பட வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுச் சோதனைக்கு மலையிறங்கவே தேவையில்லை. மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் விசிஎஸ் அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண் தானே மறைவாகப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். உடம்பைக் காட்டக் கூச்சப்பட்டுச் சோதனையைத் தவிர்க்கும் பெண்களுக்கு இதைவிட ஏற்றது இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளிகளைப் பொறுத்தவரை, கர்ப்பமானால் அனுமதி ரத்து என்ற விதியை நீக்காமல் வேறெதைச் செய்தாலும் அவர்கள் ஒளிந்துகொண்டுதான் இருப்பார்கள். பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக 2023 ஜனவரி 1 முதல் நாடு உயர்த்தியது நல்ல தொடக்கம். கிளினிக்குக்குப் போகும் நாளுக்கும் முழுக் கூலி உண்டு என்பது அடுத்த படியாக வர வேண்டும்.

இவற்றுக்குப் பொறுப்பானவர்கள் யார் என்பதில் குழப்பமில்லை: சுகாதார அமைச்சு, பகாங், பேராக் மாநில அரசுகள், தோட்ட நிர்வாகங்கள், தோட்டத் தொழிலாளர் சங்கம். வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: நாளை மறுபடி சாலைகள் மூடப்பட்டால், கேமரன் மலையில் இந்த மாதம் பிள்ளை பெறவிருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் ஒரு திட்டம் இருக்கிறதா? இல்லை என்று பதில் வந்தால், இருக்கும்வரை விடாமல் கேளுங்கள்.